மலைக் குகையும் மறவாத கண்ணும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

மலையைச் சுற்றிக்கொண்டு போனது ஒரு காலம். மலைமேல் ஏறி இறங்கிப் போனது ஒரு காலம். மலையைக் குடைந்து நேராகப் போவது நம் காலம். நாகர்கோவிலிலிருந்து குஜராத் மாநிலத்தின் காந்திதாம் வரை ஓடும் விரைவு வண்டியில் பயணம் செய்தவர்கள் அருமனை வட்டாரத்தில் பலர் உண்டு. பிழைப்புத் தேடி மும்பைக்கும் சூரத்துக்கும் போகிறவர்களுக்கு அதுதான் வழி. அவ்வண்டி மங்களூரைத் தாண்டியதும் கொங்கண் ரயில் பாதையில் நுழைகிறது. 1998ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட அப்பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 84 கிலோமீட்டர். ரத்னகிரிக்கு அருகிலுள்ள கர்புடே குகை ஒன்றே ஆறரை கிலோமீட்டர்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் பக்கத்துச் செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் பாதையிலும் மலையைக் குடைந்த குகைகள் உண்டு. 1904ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, 2018ஆம் ஆண்டில் அகலப் பாதையாக மாறிய வழி அது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே வண்டி இருளுக்குள் புகும்போது குழந்தைகள் ஓவென்று கூச்சலிடுவார்கள். பெரியவர்கள் ஜன்னலை மூடுவார்கள். மறுபக்கம் வெளிச்சம் வந்ததும் எல்லோரும் அதை மறந்துவிடுவோம்.

நாம் மறந்துவிடலாம். ஆனால் தலைக்கு மேலே இருக்கும் அந்தச் சுவரை யாராவது ஒருவர் மறவாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை வண்டியில் பூட்டிய கருவிகளைக் கொண்டு செய்யும் முறை இன்று பல நாடுகளில் வளர்ந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குகைக்கு ஓர் உறை

கிணறு வெட்டினால் மண் சரியாமல் இருக்க உறை இறக்குகிறோம். குகைக்கும் அப்படித்தான். மலையைக் குடைந்தபின் பாறையும் மண்ணும் உள்ளே விழாமல் இருக்கவும், நீர்க் கசிவைக் கட்டுப்படுத்தவும், உட்புறம் முழுவதும் கான்கிரீட்டால் ஓர் உறை அமைக்கிறார்கள். பழைய குகைகளில் செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டிய உறைகள் உண்டு. கெட்டியான பாறையாக இருந்தால் சில இடங்களில் உறையே தேவைப்படாது. சென்னை மெட்ரோ ரயிலின் சுரங்கப் பாதைகளில் முன்பே வார்த்தெடுத்த கான்கிரீட் துண்டுகளை வட்டமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அதுவும் உறைதான்.

இந்த உறை பல வழிகளில் கெடுகிறது. மலையின் பாரம் ஒரு பக்கமாக அழுத்தினால் விரிசல் விழும். உறைக்கும் பாறைக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் பாரம் சீராகப் பரவாது. மழைநீர் கசிந்து வந்தால் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு வந்து சுவரில் வெள்ளையாகப் படியவிடும். கம்பி வைத்துக் கட்டிய இடத்தில் ஈரம் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவானது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். ஆகவே அது கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பி உடைக்கிறது. நம் ஊர் ஐப்பசி மழைக்குப் பிறகு பழைய வீட்டுத் தளங்களில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். குகையிலும் அதே கதைதான். ஆனால் அங்கே கீழே ரயில் ஓடுகிறது.

கொங்கண் பாதையில் கோவா மாநிலத்துப் பெர்னெம் குகையில் 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கடும் மழைக்காலத்தில், சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. போக்குவரத்து ஒரு மாதத்துக்கு மேல் தடைப்பட்டு வண்டிகள் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டன. அதே குகையில் 2024ஆம் ஆண்டு ஜூலையில் நீர் பெருகிக் கசிந்ததால் மீண்டும் வண்டிகள் நின்றன. ஊருக்கு வர வேண்டியவன் எப்போது வருவான் என்று வீட்டில் காத்திருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தட்டிப் பார்க்கும் கலை

உறையைச் சோதிப்பதற்கு உலகெங்கும் உள்ள பழைய முறை மிக எளியது. விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கண்ணால் பார்ப்பார்கள்; சுத்தியலால் தட்டிக் காதால் கேட்பார்கள். கெட்டியான கான்கிரீட்டைத் தட்டினால் 'டங்' என்று கூரிய ஒலி எழும். உள்ளே பெயர்ந்திருந்தால் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும்.

இது நமக்குப் புதிதன்று. மரத்திலிருந்து இறக்கிய சக்கையை விரலால் தட்டியே பழுத்ததா இல்லையா என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். என் தந்தையார் கொத்து வேலை செய்பவர். தரையில் ஓடு பதித்து முடித்ததும் சிமெண்டுக் கரண்டியின் மரப்பிடியால் ஒவ்வோர் ஓடாகத் தட்டிக்கொண்டே போவார். ஏதாவது ஓட்டின் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் கை நின்றுவிடும். அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு முதலில் வந்தது நான்தான். வந்து அதிர்வுகளைப் பற்றிய பாடத்தைப் படித்தபோது அந்த ஒலிக்கான காரணம் விளங்கியது. அடியில் வெற்றிடம் இருந்தால் மேலேயுள்ள மெல்லிய தகடு மேளத்தின் தோலைப் போல வளைந்து அதிர்கிறது. அதன் அதிர்வெண் குறைவு. ஆகவே ஒலி தாழ்ந்து கேட்கிறது. சூத்திரம் புத்தகத்தில் இருக்கிறது. செவி அவரிடம் இருக்கிறது.

அப்படியானால் சுத்தியல் போதாதா என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றைப் பாதைக் குகை ஒன்றில் இரு சுவர்களும் வளைந்த கூரையும் சேர்ந்து ஏறத்தாழ 15 மீட்டர் சுற்றளவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 15,000 சதுர மீட்டர் பரப்பு. முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு என்றால் 1,66,000க்கும் மேற்பட்ட தட்டுகள். இரண்டு விநாடிக்கு ஒன்றாகத் தட்டினாலும் 92 மணி நேரம் இடைவிடாமல் தட்ட வேண்டும். அதுவும் ஏணியிலோ மேடை வண்டியிலோ நின்று, தலையை அண்ணாந்து, மங்கிய ஒளியில், ரயில் வராத சிறு இடைவெளிகளில்! மின்மயமான பாதையானால் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி வேறு. அதன் மின்சாரத்தை நிறுத்தினாலன்றிக் கூரையை நெருங்க முடியாது.

இரண்டு பாடங்கள்

இம்முறையின் எல்லையை உலகுக்கு உணர்த்தியவை ஜப்பானில் நடந்த இரு நிகழ்ச்சிகள்.

1999ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் சான்யோ ஷின்கான்சென் பாதையின் ஃபுகுவோகா குகையில், ஓடிக்கொண்டிருந்த அதிவேக ரயிலின் கூரைமேல் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள கான்கிரீட் துண்டு விழுந்தது. நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. காரணம் என்ன? குகை கட்டும்போது கான்கிரீட் வார்ப்பு இடையில் நின்று, முதலில் ஊற்றியது இறுகிய பின் அடுத்ததை ஊற்றியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை. வீட்டுக் கூரைக்கு வார்ப்பு நடக்கும் நாளில், மதிய உணவுக்குக்கூட எல்லோரும் ஒன்றாகப் போகாமல் கொத்தனார்கள் மாறி மாறிச் சாப்பிடுவதன் பொருள் இதுதான்.

இரண்டாவது, 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், சூவோ நெடுஞ்சாலையின் சாசாகோ குகையில் நடந்தது. 1977இல் திறக்கப்பட்ட அக்குகையில், காற்றோட்டத்துக்காக உச்சியிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்த கான்கிரீட் பலகைகள் நூறு மீட்டருக்கு மேற்பட்ட நீளத்துக்குச் சரிந்து விழுந்தன. ஒன்பது பேர் மாண்டனர். பலகைகளைத் தாங்கிய ஆணிகள் உச்சிக் கான்கிரீட்டிலிருந்து கழன்றிருந்தன. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் சோதனை நடந்துதான் இருந்தது. ஆனால் அந்த உயரத்துக்குச் சுத்தியல் போகவில்லை. கீழிருந்து கண்ணால் பார்த்ததோடு நின்றுவிட்டது.

இதன்பின் 2014ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு, சாலைக் குகைகளையும் பாலங்களையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நெருங்கிச் சென்று சோதிக்க வேண்டும் என்று விதி செய்தது. விதி செய்தாகிவிட்டது, அத்தனை குகைகளுக்கும் ஆள் எங்கே, நேரம் எங்கே? அந்தக் கேள்விக்கு விடையாகவே கருவி பூட்டிய வண்டிகள் பெருகின.

வண்டியில் உள்ள கண்கள்

அங்குள்ள 'மிம்' என்னும் லாரியைப் போன்ற வண்டிகள் மற்ற வாகனங்களோடு சேர்ந்து குகைக்குள் ஓடிக்கொண்டே சோதிக்கின்றன. சாலையை அடைக்க வேண்டியதில்லை. ரயில் பாதையில் ஓடுபவை தனி ரயில் பெட்டிகளாகவோ, தண்டவாளத்தில் ஓடும் சிறு வண்டிகளாகவோ இருக்கும். அவற்றிலுள்ள கருவிகளை நான்கு வகையாகப் பிரித்து அறியலாம்.

முதலாவது, காமிரா. இது நம் கல்யாண வீட்டுக் காமிராவைப் போன்றதன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மெல்லிய கோட்டை மட்டும் படம்பிடிக்கும். வண்டி நகர நகர, கோடு கோடாகச் சேர்ந்து, பாய் முடைவது போல முழுச் சுவரின் படம் உருவாகிறது. வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு கோடு வேண்டுமென்றால் விநாடிக்கு 10,000 கோடுகள் எடுக்க வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் படம் விழுவதற்கு மிகுந்த வெளிச்சம் தேவை. எனவே வண்டியிலேயே வலிய விளக்குகளும் இருக்கும்.

இரண்டாவது, லேசர். சுழலும் ஆடி ஒன்றின் வழியாக லேசர்க் கற்றை சுவரைச் சுற்றிச் சுற்றித் தொடுகிறது. ஒளி சென்று திரும்புவதைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. மூன்று மீட்டர் தூரத்திலுள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் 20 பங்குதான். சுவர் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால் வரும் நேர வேறுபாடோ அந்த ஒரு பங்கிலும் நூற்றில் ஒன்றுக்குக் குறைவு. ஆகவே பல கருவிகளில் நேரத்தை நேரடியாக அளக்காமல், போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை அளக்கிறார்கள். லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து குகையின் உருவம் அப்படியே கிடைக்கிறது. எங்காவது சுவர் உள்ளே தள்ளியிருந்தால் அது தெரிந்துவிடும்.

மூன்றாவது, ரேடார். காமிராவும் லேசரும் தோலைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பதைக் காண ரேடியோ அலை வேண்டும். அலைத்துடிப்பு ஒன்றைச் சுவருக்குள் செலுத்தினால், பொருள் மாறும் ஒவ்வோர் இடத்திலும் அதன் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. கான்கிரீட்டில் அந்த அலை வெற்றிடத்தில் போவதைவிட மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் செல்லும் என்று கொள்ளலாம். திரும்பி வரும் நேரத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம். காற்றுக்கும் கான்கிரீட்டுக்கும், கான்கிரீட்டுக்கும் நீருக்கும் மின் இயல்பில் பெரும் வேறுபாடு இருப்பதால், உறைக்குப் பின்னால் உள்ள வெற்றிடமும் தேங்கிய நீரும் ரேடாரில் வெளிப்படுகின்றன.

நான்காவது, அகச்சிவப்புக் காமிரா. இது வெப்பத்தைப் பார்க்கிறது. நீர் கசியும் இடம் குளிர்ந்திருக்கும். பெயர்ந்து நிற்கும் கான்கிரீட், வெப்பநிலை மாறும்போது சுற்றுப்புறத்தைவிட விரைவில் சூடேறும் அல்லது குளிரும். ஆனால் குகைக்குள் வெயில் கிடையாது. ஆண்டு முழுவதும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே குகை வாயிலுக்கருகில் பயன்படும் அளவுக்கு நடுப்பகுதியில் இது பயன்படுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பார்த்தது எந்த இடம் என்று எப்படித் தெரியும்? குகைக்குள் செயற்கைக்கோளின் அடையாளம் எட்டாது. ஆகவே சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைக் கொண்டும், வண்டியின் அசைவையும் திருப்பத்தையும் உணரும் கருவிகளைக் கொண்டும் இடம் குறிக்கப்படுகிறது. சக்கரம் வழுக்கினால் கணக்குப் பிசகும். எனவே குகைச் சுவரில் உள்ள எண்களையும் இணைப்புகளையும் அடையாளமாக வைத்துத் திருத்திக்கொள்வார்கள்.

ஒப்பிடுவதே சோதனை

வண்டியின் பெருமை அதன் கூர்மையில் இருக்கிறது என்று நினைத்துத்தான் நானும் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க அதன் உண்மையான பயன் வேறு என்று தெரிந்தது.

ஒரு கிலோமீட்டர் குகையை ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தில் படமெடுத்தால் 1,500 கோடிப் புள்ளிகள். இவ்வளவையும் உட்கார்ந்து பார்க்க மனிதனால் ஆகாது. எனவே விரிசலின் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கிய கணிப்பொறி முதலில் சலித்துக் கொடுக்கிறது. அது தவறும் செய்கிறது. தொங்கும் கம்பியையும் ஒட்டடையையும் கரிப்படலத்தின் ஓரத்தையும் விரிசல் என்று காட்டும். பொறியாளர் அவற்றை நீக்க வேண்டும்.

ஆனால் விரிசல் இருக்கிறது என்பது மட்டும் ஆபத்தாகாது. விரிசலே இல்லாத கான்கிரீட் அரிது. உலரும்போது சுருங்கி விழுந்த கோடு ஐம்பது ஆண்டானாலும் அப்படியே இருக்கலாம். சென்ற ஆண்டு ஒரு மீட்டர் நீளம் இருந்தது இந்த ஆண்டு மூன்று மீட்டராகியிருக்கிறதா? தனித்தனியாக இருந்த இரண்டு கோடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டனவா? அப்படி ஒரு வட்டம் பூட்டிக்கொண்டால் நடுவிலுள்ள துண்டு பிடிப்பில்லாமல் நிற்கிறது என்று பொருள். கேட்க வேண்டிய கேள்விகள் இவையே.

இவற்றுக்கு விடை சொல்ல, முன்பு பார்த்தது அப்படியே நினைவில் இருக்க வேண்டும். மனிதக் கண் கூர்மையானது. ஆனால் அதன் நினைவு நிலையில்லாதது. அனுபவமுள்ள சோதனையாளர் ஓய்வு பெற்றால் அவர் கண்டதும் அவரோடு போய்விடும். 'மூன்றாம் கிலோமீட்டரில் சிறு விரிசல்' என்று அவர் எழுதி வைத்த குறிப்பிலிருந்து அந்த விரிசல் எது என்று பின்னவர் கண்டுகொள்வது கடினம். வண்டியோ ஒவ்வொரு முறையும் அதே சுவரை அதே வெளிச்சத்தில் அதே அளவில் பார்த்துப் பதிந்து வைக்கிறது. இரண்டு பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மாறியது மட்டும் எழுந்து நிற்கும். வண்டியை அதற்காகத்தான் மறவாத கண் என்கிறேன். ஒரே ஒருமுறை ஓடி எடுத்த படம் வெறும் படம். இரண்டாம் முறை ஓடும்போதுதான் அது சோதனை ஆகிறது. எனவே வண்டியை விலை கொடுத்து வாங்குவது பெரிதில்லை. அதைத் தவறாமல் ஓட்டுவதும், பதிவுகளைப் பேணிக் காப்பதும்தான் பெரிது.

சுத்தியல் ஓய்வு பெறுமா?

கருவி வந்தால் தொழிலாளியின் வேலை போகும் என்ற அச்சம் எளியவர் வீடுகளில் எப்போதும் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. இங்கே நிலை என்ன?

வண்டியால் முடியாதவை பல. கம்பிகளுக்கும் பெட்டிகளுக்கும் பின்னால் மறைந்த சுவரை அது காணாது. சாசாகோ குகையில் பிடிப்பு விட்ட ஆணிகள் தொங்கு பலகைகளுக்கு மேலே மறைந்திருந்தன. சாலையில் ஓடும் வண்டி ஆயிரம் முறை போயிருந்தாலும் பலகைகளைத்தான் பார்த்திருக்கும், ஆணிகளைப் பார்த்திருக்காது. மேற்பரப்பில் விரிசலே காட்டாமல் உள்ளே பிடிப்பு விட்டிருக்கும் இடத்தை உறுதி செய்ய இன்றும் தட்டித்தான் ஆக வேண்டும். மேலும், விழப்போகும் துண்டைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? ஏறி நின்று அதை உடைத்து இறக்குவதும், பூசி அடைப்பதும், கலவையைச் செலுத்தி வெற்றிடத்தை நிரப்புவதும் மனிதக் கைகளே. மழைக்காலத்தில் கொங்கண் பாதையில் மண் சரிகிறதா, பாறை விழுகிறதா என்று நடந்து பார்த்துக் காவல் காப்பவர்களும் மனிதர்களே.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வதே முறை. ஆறரை கிலோமீட்டர் நீளமுள்ள கர்புடே போன்ற குகையை 36 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வண்டிக்குப் பதினொரு நிமிடம் போதும். எல்லா இடத்தையும் அது பார்த்துவிட்டு, 'இந்த நாற்பது இடங்களைத் தட்டிப் பாருங்கள்' என்று பட்டியல் கொடுக்கட்டும். அனுபவமுள்ள செவி அந்த நாற்பது இடத்துக்குப் போகட்டும். லட்சம் தட்டுகளில் சலித்துப் போய்க் காது மரத்துப்போவதைவிட, நாற்பது தட்டுகளைக் கவனத்தோடு தட்டுவது மேல். தொழிலாளி உயரத்திலும் இருளிலும் நிற்க வேண்டிய நேரமும் குறைகிறது. அது அவர் உயிருக்கும் பாதுகாப்பு.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. பட்டியல் வந்துவிட்டது, இனி தட்ட வேண்டாம் என்று நிர்வாகங்கள் நினைத்துவிடக் கூடாது. செவியும் பழக்கத்தால் வளர்வதே. தட்டத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்று, தட்டத் தெரியாதவர்கள் மட்டும் மிஞ்சும் நாளில், கருவி சுட்டிக்காட்டினாலும் உறுதி சொல்ல ஆள் இருக்காது. கருவி வாங்கும் பணத்தில் ஒரு பங்கை அந்தக் கலையை இளைஞருக்குக் கற்றுக்கொடுக்கச் செலவிடுவது வீண் செலவாகாது.

நம் நாட்டில் குகைகள் பெருகிக்கொண்டே வருகின்றன. 2013இல் பீர்பஞ்சால் மலையில் பதினொரு கிலோமீட்டர் ரயில் குகை. 2020இல் ரோதாங் மலையடியில் ஒன்பது கிலோமீட்டர் அடல் குகை. சென்னை நகரின் அடியில் 2017 முதல் ஓடும் மெட்ரோ. திறப்பு விழா நாளில் எல்லோரும் கூடுகிறோம். அதன்பின் வரும் ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு விழா கிடையாது. காவல் மட்டுமே உண்டு. புதிய குகை ஒவ்வொன்றும் திறக்கப்படும் நாளிலேயே அதன் முதல் பதிவை எடுத்து வைத்துவிட்டால், பிறக்கும் குழந்தையின் எடையைக் குறித்து வைப்பது போல, பின்னால் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதனோடு ஒப்பிடலாம். இயற்பியலும் கணிதமும் பயிலும் நம்மில் சிலருக்கு நாளை இத்துறையில் வேலை கிடைக்கக்கூடும். அன்று திரையில் தெரியும் கோட்டை மட்டும் நம்பாமல், சுத்தியல் ஏந்தியவரையும் அருகில் அழைத்து, "நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?" என்று கேட்கும் பணிவு நமக்கு இருக்க வேண்டும். குகைக்குள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகும் பயணி நம்பியிருப்பது அந்த இருவரையும்தான்.